சிவப்பு தெரியாத ஃபிலிம்

கோபிசெட்டிபாளையம்
11 பிப்ரவரி 2024

கெசியாவுக்கு,

பெட்டியை வெளிச்சத்தில் திறந்துவிடாதே. நீ கடிதத்தைப் படிக்கும் முன்னால் பார்சலைப் பிரிக்கிறவள் என்பதால்தான் இதை மேலே ஒட்டி அனுப்புகிறேன். உள்ளே கறுப்புக் கவரில் எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கிறது. எல்லாம் படம் எடுத்து முடித்தவை.

உங்கள் கிளினிக்கில் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்தபோது, தேதி முடிந்த ஃபிலிமைத் தூக்கிப்போடச் சொன்னார்கள் என்று நீ வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் வைத்தாயே, அதுதான். வரும்போது எடுத்துவந்துவிட்டேன். கேட்காமல் எடுத்தது தப்புத்தான். உக்கடம் நிஜாம் பாயிடம் வாங்கிப் போட்டிருந்த மரக் கேமராவில் இது அளவாக உட்காருகிறது. வெங்கடபதியின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் கேமராவைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரை, வாழைத்தோட்டம், நெல் வயல் என்று போய்வருகிறேன்.

சிக்கல் என்னவென்றால் இந்த ஃபிலிமுக்கு ஸ்பீடு நம்பர் கிடையாது. கடையில் வாங்கும் ஃபிலிம் பெட்டியில் நூறு, நானூறு என்று போட்டிருக்கும். அந்த நம்பரை லைட் மீட்டரில் வைத்துவிட்டால், எத்தனை செகண்டு லென்ஸைத் திறக்க வேண்டும் என்று முள் காட்டிவிடும். இது வெயிலில் படம் எடுப்பதற்காகச் செய்த ஃபிலிம் கிடையாது, அதனால் எந்த நம்பரும் இல்லை. காலமெல்லாம் பம்ப் கம்பெனியில் பிரஷர் கேஜ்களைச் சரிபார்த்து முத்திரை வைத்தவனுக்கு, நம்பர் இல்லாத பொருளைக் கையில் பிடிப்பதே ஒரு மாதிரியாக இருக்கிறது. குத்துமதிப்பாக எண்பது என்று வைத்து எடுத்திருக்கிறேன்.

காலையில் எடுத்த ஷீட்டுகளில் ஒரு மூலையை வெட்டியிருக்கிறேன். உச்சிவெயிலில் எடுத்ததில் இரண்டு மூலை, சாயங்காலம் எடுத்ததில் மூன்று. கிளினிக்கில் பழைய டார்க் ரூம் அப்படியே இருக்கிறதாமே, உன் மகள் ஜோஸ்லின் சொன்னாள். டூட்டி முடிந்து கழுவித் தர முடியுமா? முடியாவிட்டாலும் சரி.

போனில் கேட்டிருக்கலாம். போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதோடு டச் போனை வீட்டிலேயே விட்டுவிட்டேன். இங்கே பட்டன் போன்தான்.

சௌகரியமாக இருக்கிறேன்.

சைமன்


சௌரிபாளையம், கோவை
20 பிப்ரவரி 2024

பரணைக் காலி செய்தவருக்கு,

ஃபிலிம் காணாமல் போனதைப் பொங்கலுக்கு மறுநாளே பார்த்துவிட்டேன். ஆள் காணாமல் போனதைத்தான் ரொம்ப நாள் நம்பவில்லை. “நாலு நாள் வெங்கடபதி தோட்டத்துல இருந்துட்டு வாரேன்” என்று சொன்ன மனுஷர் கம்பளியையும் குடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கழுவிவிட்டேன். இத்தனை வருடமாக அந்த டாங்கிலிருந்து விலா எலும்பும் முழங்காலும்தான் எடுத்திருக்கிறேன். முதல்முறையாக ஒரு வாழைமரம் வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சின்ன அறையில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட் சொல்கிறேன். காலையில் எடுத்தது நன்றாக வந்திருக்கிறது. உச்சிவெயிலும் நன்று. நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம் கறுக்க வேண்டும், சாயங்காலம் எடுத்தது அத்தனையும் வெளிறிப்போய், ஒன்றுமே பதியாமல் இருக்கிறது. இதற்கு உங்கள் மீட்டரைக் குறை சொல்ல முடியாது. மீட்டருக்கு நம் கண்போல எல்லா நிறமும் தெரியும். இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. தெரியாததால்தான் நாங்கள் தைரியமாகச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு இதைக் கழுவுகிறோம். சாயங்கால வெயில் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும்போது, வெளிச்சம் தாராளமாக இருக்கிறது என்று மீட்டர் சொல்லும், ஃபிலிமுக்கு அது இருட்டு. சாயங்காலத்தில் மட்டும் மீட்டர் சொல்வதைப்போல நாலு மடங்கு நேரம் கொடுங்கள்.

நெகட்டிவ்கள் இங்கேயே இருக்கட்டும். இந்த ஃபிலிமில் இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும், நகம் பட்டாலே கீறிவிடும். கூரியர்காரர் தூக்கிப் போடுகிற போடில் உங்கள் வாழை கந்தலாகிவிடும். என்ன வந்திருக்கிறது என்று நான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று நான் சொன்னதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. நானே எழுதுகிறேன். ரிட்டயர் ஆன நாளிலிருந்து பால்காரர் எதிரிலேயே லாக்டோமீட்டரைப் பாலில் விட்டீர்கள். குக்கருக்கு ஸ்டாப் வாட்ச் வைத்தீர்கள். கேஸ் சிலிண்டரைத் தராசில் நிறுத்தினீர்கள். எல்லாம் பொறுத்தேன். உங்கள் தம்பி தேவதாஸ் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, “அம்மிணி உப்பை அளந்து போட்டிருந்தா இப்படி ஆகாது” என்றீர்கள். “நீங்க வேலைக்குப் போயிட்டிருந்ததாலதானுங்க இத்தன வருசம் உங்ககூட இருக்க முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னது தப்பு. ஆனால் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் என்ன செய்யட்டும்?

கெசியா


கோபி
3 மார்ச் 2024

கெசியாவுக்கு,

தப்பு, ஆனால் பொய்யில்லை என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு வாய்க்கால் மதகு வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தும் அந்த வரி அங்கேயேதான் இருந்தது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ “வாங்க” என்று சொல்லாமல் நான் அந்த வீட்டுக்குத் திரும்புவதாக இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. என்னோடு இருப்பது ஒருத்திக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, நானாக எப்படிக் கதவைத் தட்டுவது?

இரண்டாவது பெட்டி இது. சாயங்காலத்துக்கு நீ சொன்னபடி நாலு மடங்கு கொடுத்திருக்கிறேன். சிவப்பு தெரியாத ஃபிலிம் என்று நீ எழுதியதை வெங்கடபதியிடம் சொன்னேன். அவர் தன் காளையைத் தடவிக்கொண்டே, “அப்பொ நம்ம செவலைய அதுக்குத் தெரியாதாட்ட இருக்குதுங்களே” என்றார். கருப்பாகத் தெரியும் என்றேன். அவருக்கு அதில் திருப்தியில்லை.

பகலெல்லாம் போய்விடுகிறது. ஆறு மணிக்கு மேல்தான் சங்கடம். வெங்கடபதி மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு ஊருக்குள் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் விடியும் வரைக்கும் நான் வாயைத் திறக்கத் தேவையில்லை. நேற்று லைட் மீட்டரை எடுத்து, இந்த வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்தேன். எதிலுமே முள் அசையவில்லை. என்னத்துக்கு அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சைமன்


கோவை
16 மார்ச் 2024

உங்களுக்கு,

இந்த முறை எல்லாமே வெளிறிவிட்டன. காலையில் எடுத்ததும்கூட. ஃபிலிமுக்கு வயசாகிவிட்டது, போன மாதம் பதிந்ததுபோல இந்த மாதம் பதியவில்லை என்று நினைக்கிறேன். மீட்டர் ஒரு செகண்டு என்றால் நீங்கள் இரண்டு கொடுங்கள். அதே இடங்களை மறுபடி எடுத்து அனுப்புங்கள்.

ஜோஸ்லின் ஈஸ்டருக்கு ஓசூரிலிருந்து வருகிறாள். “அப்பா வருவாராம்மா?” என்று கேட்டாள். தெரியாது கண்ணு என்றேன்.

சாப்பாடு என்ன செய்கிறீர்கள்? தினமும் தக்காளிச் சாதம் என்று அவளிடம் சொன்னீர்களாம். புளிப்பு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

கெசியா


கோபி
9 ஏப்ரல் 2024

கெசியாவுக்கு,

ஈஸ்டர் அன்று இங்கே ஒரு சர்ச்சுக்குப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, “ஏனுங்க, ஊருக்குப் புதுசுங்களா? குடும்பம் வரலீங்களா?” என்றார். பின்னால் வருவார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவர் கண்ணில் படக்கூடாது என்று போகவில்லை.

ஜோஸ்லின் கேட்டாள் என்று எழுதியிருந்தாய். அவள் கேட்டது சரி. நீ கேட்கவில்லையே.

படத்துக்கு வருகிறேன். சொன்னபடி இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு இடிக்கிறது. வெங்கடபதி போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் இறக்கி, என் மீட்டரை அதோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றுபோலக் காட்டுகின்றன. கருவியில் பிசகில்லை. ஒரு மாதத்தில் ஒரு ஃபிலிம் பாதி பலம் இழக்கும் என்று நான் கேள்விப்பட்டதும் இல்லை. ஆனால் நெகட்டிவைக் கண்ணால் பார்க்கிறவள் நீ. எக்ஸ்ரே ஃபிலிமில் உனக்குத் தெரியாதது எனக்கென்ன தெரிந்துவிடப்போகிறது. உன் கண்ணையே நம்புகிறேன்.

சைமன்


கோவை
5 மே 2024

உங்களுக்கு,

இன்னும் வெளிறல்தான். முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் போதாது. இப்போது கொடுத்ததை இன்னொரு தரம் இரட்டிப்பாக்குங்கள். மீட்டர் ஒன்று என்றால் நாலு.

இந்த வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதீர்கள்.

பால் ரொம்பத் தண்ணீராக இருக்கிறது. பால்காரரிடம் சொன்னேன், “சார் இருந்தாருன்னா பயமா இருக்குமுங்க, இப்ப என்னங்க” என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆளுக்கு அரை லிட்டர் அதிகம் என்று கால் லிட்டராக்கிவிட்டேன். அதுவும் மீந்து போகிறது.

கெசியா


கோபி
4 ஆகஸ்ட் 2024

கெசியாவுக்கு,

ஜூனில் ஒரு பெட்டி, ஜூலையில் ஒரு பெட்டி. இரண்டுக்கும் நீ எழுதிய பதில் ஒரே வரி: சுமார், மறுபடி எடுங்கள். உனக்கு அலுப்பாக இருந்தால் சொல்லிவிடு.

ஆனால் இந்தப் பெட்டியில் இருப்பது முக்கியமான ஷீட். பார்த்துக் கழுவு.

வெங்கடபதி தன் செவலைக் காளையை அந்தியூர்ச் சந்தையில் விற்றுவிட்டார். வயசாகிறது, இடுப்புவலி, அவரால் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. கன்றாக வாங்கி வளர்த்தது. பிள்ளை இல்லாத மனுஷர், அவர் அதிகம் பேசியது அந்தக் காளையிடம்தான். சந்தைக்குக் கிளம்பும் அன்று காலையில் என்னிடம் வந்து, “சைமன், உங்க பெரிய பொட்டியில இவனெ ஒண்ணு புடிச்சுக் குடுங்க. போன்ல இருக்கறதெல்லாம் எங்கயோ போயிருதுங்க” என்றார்.

வேப்பமர நிழலில் நிறுத்தினோம். மீட்டர் ஒரு செகண்டு என்றது. உன் கணக்குப்படி நாலு. லென்ஸை அகலமாகத் திறந்து நேரத்தைக் குறைக்கலாம் என்று பார்த்தேன், அப்படிச் செய்தால் கொம்பு தெளிவாக இருக்கும், வால் கலங்கிவிடும். முழுக்காளை வேண்டும் என்றார் அவர். நாலு செகண்டு ஒரு காளையை எப்படி அசையாமல் நிறுத்துவது? வெங்கடபதி கழுத்தைத் தடவிக்கொண்டே என்னவோ தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூடியை எடுத்து எண்ணி மூடினேன். இரண்டாவது எடுக்க நேரமில்லை. வண்டி வந்துவிட்டது.

நன்றாக வந்திருந்தால் ஒரு பிரிண்ட் போட்டு அனுப்பு. அவர் தினமும் கேட்கிறார்.

சைமன்


கோவை
12 ஆகஸ்ட் 2024

உங்களுக்கு,

காளைப் படம் சரியாக வரவில்லை. உடம்பு இருக்கிறது, கயிறு இருக்கிறது, வெங்கடபதி அண்ணன் சிலைபோல நிற்கிறார். காளைக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் புகைபோல என்னவோ இருக்கிறது. தலையை ஆட்டியிருக்கிறது.

அண்ணனிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று தெரியவில்லை. மன்னிக்கச் சொல்லுங்கள்.

கெசியா


கோபி
19 ஆகஸ்ட் 2024

கெசியாவுக்கு,

சொல்லிவிட்டேன். காளையைக் கட்டியிருந்த முளைக்குச்சியைக் காலால் ஒருமுறை அசைத்துப் பார்த்தார். பிறகு, “பரவால்லீங்க சைமன். தலை எனக்கு நெனப்பிருக்குதுங்க” என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

என்னால் இனி முடியாது. ஃபிலிமை அளக்கத் தெரியவில்லை, வெளிச்சத்தை அளக்கத் தெரியவில்லை. ஒரு மனுஷர் வாய்விட்டுக் கேட்ட ஒரே படத்தைக் கெடுத்தேன். வாழ்க்கை முழுக்க அளந்தே பிழைத்தவன், கடைசியில் அதிலும் உதவாமல் போனேன். வீட்டில் நான் அளந்ததெல்லாம் உனக்குத் தொல்லை, வெளியே அளந்ததெல்லாம் தப்பு.

வெங்கடபதியின் மைத்துனருக்குத் தாராபுரத்தில் ஸ்பின்னிங் மில் இருக்கிறது. எடைமேடை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அங்கேயே தங்க ஒரு அறை தருகிறார்களாம். அடுத்த மாதம் நடுவில் சேர்வதாகச் சொல்லியிருக்கிறேன். கேமராவை நிஜாம் பாயே எடுத்துக்கொள்வார். இனிமேல் உனக்குப் பார்சல் வராது. இவ்வளவு நாள் சிரமம் பார்க்காமல் கழுவித் தந்ததற்கு நன்றி.

ஜோஸ்லினிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சைமன்


கோவை
24 ஆகஸ்ட் 2024

சைமனுக்கு,

பெயர் சொல்லி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

தலை இல்லாத காளை உங்களால் வந்ததில்லை, என்னால் வந்தது. உங்கள் இரண்டாவது பெட்டியிலிருந்து எதுவுமே வெளிறவில்லை. எல்லாம் நன்றாகத்தான் வந்தன. எண்பது என்று நீங்கள் குத்துமதிப்பாக வைத்தீர்களே, அது சரி. காலையும் உச்சியும் மீட்டர் சொன்னபடியே அழகாகப் பதிந்திருந்தன. நான்தான் வெளிறல் என்று எழுதினேன். நீங்கள் நம்பி இரண்டு மடங்கு கொடுத்தீர்கள், படம் கறுத்து வந்தது. வெளிறல் என்று மறுபடி எழுதினேன். நாலு மடங்கு கொடுத்தீர்கள், வெயிலில் பிடித்தால்தான் தெரியும் என்கிற அளவுக்குக் கறுத்து வந்தது. ஒரு செகண்டில் அந்தக் காளை தலையோடு நின்றிருக்கும். வெங்கடபதி அண்ணன் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர். அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் நீங்கள் சந்தோஷமாக அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள் என்று முதலில் நினைத்தேன். சரியில்லை என்றால் இன்னொரு பெட்டி வரும், கூடவே ஒரு கடிதம் வரும். அவ்வளவு சின்னப் புத்திதான். ஆனால் அதற்குமேலும் ஒன்று இருக்கிறது.

உங்கள் படம் எதிலும் ஆள் இல்லை. கவனித்தீர்களா? வாழை இருக்கிறது, மதகு இருக்கிறது, நெல், தென்னை, பம்ப் செட்டு, காலியாகக் கிடக்கிற களம். ஒரு மனுஷன் நடந்துபோகிறதுகூட இல்லை. சிவப்பு விளக்கில் ஒவ்வொன்றாக மேலே தூக்கி, எங்காவது ஒரு ஆள் நிற்கிறாரா என்று தேடினேன். எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு கூர்மையாக எடுத்திருக்கிறீர்கள்! யாருமே இல்லாத இடத்தில் இந்த ஆள் பாட்டுக்கு நன்றாக வாழப் பழகிவிட்டாரே என்று பயந்துபோனேன். அதைப் பார்த்து “நல்லா வந்திருக்குதுங்க” என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால், அங்கேயே இருங்கள் என்று நானே சொன்னதுபோல இருக்கும்.

எல்லா நெகட்டிவையும் ஒவ்வொன்றுக்கும் இடையில் டிஷ்யூத் தாள் வைத்து இந்தப் பார்சலில் அனுப்புகிறேன். ஜன்னலில் பிடித்துப் பாருங்கள். உங்களுக்கு அளக்கத் தெரியும். எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

தாராபுரம் போவது உங்கள் இஷ்டம். புது இடத்துச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் கவலை.

கெசியா


கோபி
29 ஆகஸ்ட் 2024

கெசியாவுக்கு,

பார்த்தேன். எல்லாவற்றையும் வரிசையாக ஜன்னலில் ஒட்டிவைத்துப் பார்த்தேன்.

ரிட்டயர் ஆன நாளிலிருந்து நீ போட்ட உப்பை நம்பாமல், நீ வாங்கிய பாலை நம்பாமல் கருவியை நம்பினேன். முதல்முறையாகக் கருவியை மூடிவைத்துவிட்டு உன் வார்த்தையை நம்பினேன். அதைப் போய் இப்படிச் செய்துவிட்டாயே. மீட்டர் சரி என்று கண்ணால் பார்த்தும் உனக்காக அதைத் தப்பு என்று எடுத்துக்கொண்டேன். வெங்கடபதியிடம் உண்மையைச் சொன்னேன். “அம்மிணி பாவமுங்க” என்கிறார் அவர். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

இத்தோடு வருவது கடைசி ஷீட். பெட்டியில் ஒன்றுதான் மீதி இருந்தது. ஆளே இல்லை என்றாயே, இதில் ஆள் நிற்கிறான். வாழை ஓரத்தில் நானே நின்றேன், வெங்கடபதி மூடியை எடுத்து மூடினார். நேற்றுச் சாயங்காலம், வெயில் நல்ல மஞ்சளாக இருந்தது. மீட்டர் சொன்ன நேரம் மட்டும்தான் கொடுத்தேன். சாயங்காலத்துக்கு நாலு மடங்கு என்று நீ முதல் கடிதத்தில் எழுதிய கணக்கையும் தூக்கிப் போட்டுவிட்டேன். உன் கணக்கு எதுவும் இனி எனக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அத்தனை பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்று தரம் படித்துத் தேடினேன். எங்கேயும் “வாங்க” என்று இல்லை.

பதினைந்தாம் தேதி தாராபுரம் கிளம்புகிறேன்.

சைமன்


கோவை
5 செப்டம்பர் 2024

என்னங்க,

கடைசி ஷீட்டைக் கழுவினேன். ரிப்போர்ட் சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னாலும் நீங்கள் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

படம் வெளிறிப்போயிருக்கிறது.

கர்த்தர்மேல் ஆணையாக இது நிஜம். நான் சொன்ன கணக்கில், சாயங்காலத்துக்கு நாலு மடங்கு என்ற அந்த ஒன்றுதான் பொய் கலக்காதது. முதல் பெட்டிச் சாயங்காலப் படங்கள் உண்மையாகவே வெளிறித்தான் இருந்தன. அப்போது எனக்குப் பொய் சொல்லத் தோன்றியிருக்கவில்லை. மஞ்சள் வெயிலை இந்த ஃபிலிம் பார்க்காது. இத்தனை பொய்யையும் நம்பிவிட்டு, அந்த ஒரு நிஜத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். உங்களைச் சொல்லி என்ன, நான் பழக்கிவிட்ட பழக்கம் அது.

உங்கள் வெள்ளைச் சட்டை பதிந்திருக்கிறது. பித்தான்கூடத் தெரிகிறது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஆபீசில் போட்டோவுக்கு நின்றதுபோல விறைப்பாக நிற்கிறீர்கள். சட்டை தொளதொள என்று இருக்கிறது, இளைத்துப்போயிருக்கிறீர்கள். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. நம் நிறத்து முகத்தை அந்த நேரத்து வெயிலில் இந்த ஃபிலிம் பிடிக்கவே இல்லை. நெகட்டிவில் முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் கண்ணாடியாக இருக்கிறது. பின்னால் பிடித்திருந்த என் விரல் அதன் வழியாகத் தெரிந்தது.

டாங்கில் இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன். வராதென்று எனக்குத் தெரியும். எத்தனை பேர் எலும்பைக் கழுவியிருக்கிறேன், பதியாததை மருந்து கொண்டுவராது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் கையை எடுக்க மனசில்லாமல் நின்றேன். டாக்டரம்மா கதவைத் தட்டி, “கெசியா, உள்ள யாருகிட்டயாச்சும் பேசிட்டிருக்கீங்களா?” என்றார். நான் பேசியது எனக்கே தெரியவில்லை.

எட்டு மாதமாகிறது உங்கள் முகத்தைப் பார்த்து. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் சொன்னேனே, அது அந்த நாளுக்கு நிஜம். இந்த எட்டு மாதத்துக்கு அது நிஜமில்லை. நான் வேலைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள் யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. நான் வந்தேனா வரவில்லையா என்றுகூட.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை. நான் சொன்ன சொல்லுக்காக நானே உங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டுமா என்று ரோஷம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தாராபுரம் பஸ்ஸில் ஏறாதீர்கள். காலையில் கோபியிலிருந்து கோயமுத்தூருக்கு நிறைய பஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருப்பேன். வெங்கடபதி அண்ணனையும் அழைத்து வாருங்கள், அவரிடம் நான் நேரில் பேச வேண்டும்.

வாங்க.

கெசியா